வலத் தோளில் பட்ட காற்று

கற்பிட்டிக் குடாநாட்டில் பிறந்து வளர்ந்த எங்களுக்குக் காற்று புதிதன்று. வடகிழக்கிலிருந்து வருவது வாடை, கிழக்கிலிருந்து வருவது கொண்டல், தெற்கிலிருந்து எழுவது சோழகம், மேற்கிலிருந்து அடிப்பது கச்சான் என்று பள்ளிக்கூடம் போவதற்கு முன்னரே வாப்பாமாரின் வாயிலிருந்து கேட்டறிந்தவர்கள் நாங்கள். இருந்தும் அந்தக் காற்றை உண்மையாகக் கவனிக்க எங்களுக்கு நெடுங்காலம் சென்றது. கவனிக்கத் தவறிய ஒரு நாளின் விலையை எங்களுக்குப் பதிலாக இன்னொருவர் செலுத்தினார். அதனை மறைக்காமல் எழுதிவைப்பது கடமை என்று கருதியே இதனை எழுதுகிறோம்.

நாங்கள் நால்வர். இருவர் உடன்பிறந்தோர், மற்ற இருவர் மச்சான்மார். கற்பிட்டிக்கு வெளிநாட்டார் பலர் கைட் சேர்ஃபிங் விளையாட வரத் தொடங்கிய பின்னர், அவர்களுக்குப் படகும் உணவும் ஒழுங்கு செய்து கொடுத்து, மெல்ல மெல்ல நாங்களும் அதனைக் கற்றுக்கொண்டோம். காற்றடைத்த விளிம்புகளைக் கொண்ட பெரும் பட்டம் ஒன்று. அதிலிருந்து 20 முதல் 24 மீற்றர் வரை நீளும் மெல்லிய வடங்கள். அவ்வடங்கள் வந்து சேரும் கைத்தடி. அத்தடியைக் கொளுவிக்கொள்ளும் இடுப்புப் பட்டி. காலுக்குக் கீழே ஒரு பலகை. இவ்வளவே கருவி. மற்றதெல்லாம் காற்றும் நீரும். முழங்காலுக்குக் கீழ் வரை மறைக்கும் ஆடையுடன், தொழுகையைத் தவறவிடாமல் ஈடுபடக்கூடிய விளையாட்டு இது என்பதனால் எங்கள் பெற்றோரும் தடை சொல்லவில்லை. 'கரையைப் பார்த்து விளையாடுங்கள்' என்பதே உம்மா ஒவ்வொரு முறையும் கூறியது. அச்சொற்களின் பொருளைப் பின்னரே விளங்கிக்கொண்டோம்.

இவ்விளையாட்டில் புதியவர்கள் பெரும்பாலும் நீரில் என்ன செய்வது என்பதையே கற்க விரும்புவர். அனுபவமுள்ளோர் கரையில் எங்கே நிற்பது என்பதையே முதலில் கற்பிப்பர். பட்டம் ஏற்றும் இடத்தைத் தேர்ந்த அக்கணமே அன்றைய நாளின் பாதி முடிவாகிவிடுகிறது. தவறான இடத்தில் ஏற்றிய பட்டத்தைத் திறமை காப்பாற்றுவது அரிது.

கற்பிட்டியின் அமைப்பு இதனை நன்கு விளக்கும். தெற்கிலிருந்து வடக்கு நோக்கி நீண்டு கிடக்கும் ஒடுங்கிய மணல் நிலம் இது. மேற்கே திறந்த கடல். கிழக்கே புத்தளம் களப்பு. வடக்கே செல்லச் செல்ல நிலம் துண்டுதுண்டாகித் தீவுகளாகிறது. உச்சமுனை, இப்பந்தீவு, பத்தலங்குண்டு என்று பெயர் பெற்றவை சில; சில இடங்களில் ஒரு புறத்திலிருந்து மறு புறத்தைக் கண்ணால் காணக்கூடிய வெறும் மணல் வரம்புகள். அலையைத் தடுத்து உட்புற நீரை அமைதியாக வைத்திருக்கும் அரண்கள் இவை. ஒரே வரம்பில் நின்று இடப்புறம் திரும்பினால் ஒரு கடல், வலப்புறம் திரும்பினால் வேறொரு நீர். காற்று மாறினால் இவ்விரண்டின் குணமும் இடம் மாறிவிடும்.

மே மாதம் முதல் ஒக்டோபர் வரை காற்று தென்மேற்கிலிருந்து வருகிறது. முற்பகலில் தொடங்கி, நிலம் சூடேறச் சூடேற வலுத்து, மாலை வரை நிற்கும். அப்பருவத்தில் கடற்கரையில் நின்றால் காற்று கடலிலிருந்து சாய்வாகக் கரையை நோக்கி வீசும். பட்டம் விழுந்தாலும் வடம் அறுந்தாலும் அது எம்மைக் கரைக்கே கொண்டுவந்து சேர்க்கும். ஆனால் அலை பெரிது. கண்டக்குழிப் பக்கத்தில் கடலுக்கு அருகே மணல் வரம்பால் மறைக்கப்பட்ட சிறு களப்பில் அலை இல்லை. காற்று மட்டும் வரம்பைத் தாண்டி வருகிறது. அங்கே காற்று எம்மை வரம்பிலிருந்து தள்ளிச் சென்றாலும் எதிரே இன்னொரு கரை அண்மையிலேயே இருக்கிறது. கற்றுக்கொள்வோர் அங்கே கூடுவதற்குக் காரணம் இதுவே.

திசெம்பர் நடுப்பகுதி முதல் மார்ச் வரை வாடையின் காலம். காற்று இப்போது வடகிழக்கிலிருந்து, களப்பின் மேலாகவும் நிலத்தின் மேலாகவும் வந்து கடலை நோக்கிப் போகிறது. ஆறு மாதங்களுக்கு முன்னர் எம்மைக் கரைக்குத் தள்ளிய அதே கடற்கரையில் இப்போது காற்று எம்மை மன்னார் வளைகுடாவை நோக்கித் தள்ளும். ஆபத்து எதுவெனில், அது ஆபத்தைப் போன்று தோன்றுவதில்லை. நிலத்திலிருந்து வீசும் காற்று கரையோர அலையை அடக்கிவிடுவதால் கடல் கண்ணாடிபோல் கிடக்கும். களப்புப் பக்கமோ சிற்றலைகளோடும் கலங்கலோடும் இருக்கும். அறியாத கண் கடற்பக்கத்தையே தேர்ந்தெடுக்கும். அறிந்த கண்ணும் அவசரத்தில் அதனையே தேர்ந்தெடுக்கும் என்பதற்கு நாங்கள் சாட்சி.

அது ஒரு ஜனவரி மாத நண்பகல். படகொன்றை அமர்த்திக்கொண்டு வடக்கேயுள்ள மணல் தீவொன்றுக்குச் சென்றிருந்தோம். களப்புப் பக்கத்தில் நீருக்குள் நண்டு வலைகள் விரிக்கப்பட்டிருந்தன. அவற்றின் மிதவைகள் வரிசையாகத் தெரிந்தன. கடற்பக்கம் வெறுமையாகவும் அமைதியாகவும் இருந்தது. ளுஹர் நேரமாகியிருந்தபடியால் மணலில் தார்ப்பாயை விரித்துக் கூட்டாகத் தொழுதோம். கற்பிட்டியிலிருந்து கிப்லா, மேற்கிலிருந்து சற்று வடக்கே சாய்ந்தது. ஆகவே கடலைப் பார்த்தபடியே நின்றிருந்தோம். காற்று எங்கள் வலத் தோளின் பின்புறத்தில் பட்டுக்கொண்டிருந்தது. சட்டையின் பின்பகுதி முதுகோடு ஒட்டிக்கொண்டது, எங்களுள் மூத்தவருக்கு இன்றும் நினைவிலிருக்கிறது. கடலைப் பார்த்து நிற்பவனின் முதுகுப் பக்கத்தில் காற்று பட்டால் அது கடலுக்குப் போகும் காற்று. ஒரு குழந்தைக்கும் விளங்கும் கணக்கு. உடல் அறிந்திருந்தது, உள்ளம் வேறெங்கோ இருந்தது.

ஸலாம் கொடுத்ததும் மூத்தவர், 'இன்னொருமுறை காற்றைப் பார்த்துவிட்டு இறங்குவோமே' என்றார். நேரம் போகிறது என்று மற்றவர்கள் மறுத்தோம். நண்டு வலைகளின் மீது பட்டம் விழுந்தால் மீனவர்களுக்கு நட்டம் என்று ஒரு நியாயமும் சொல்லிக்கொண்டோம். அது பொய்யான நியாயமன்று. ஆனால் எங்கள் விருப்பத்துக்கு நாங்கள் போர்த்திய ஆடை அது. பின்னர் நடந்ததை எண்ணும்போது இதுவே எங்களை அதிகம் வருத்துகிறது. பிறருடைய வலையைக் காப்பதாகச் சொல்லிக்கொண்டு இறங்கிய நாங்களே ஒருவருடைய வலையை இழக்கச் செய்தோம்.

இளையவர் முதலில் இறங்கினார். அரைமணி நேரம் யாவும் நன்றாக நடந்தது. பின்னர் காற்று திடீரெனத் தளர்ந்து, பட்டம் நீரில் விழுந்தது. நனைந்த பட்டத்தை மீண்டும் எழுப்புமளவுக்குக் காற்றில் வலு இல்லை. ஆயினும் அதனைக் கடலின் பக்கம் இழுத்துச் செல்லப் போதிய வலு இருந்தது. இத்தகைய வேளையில் பட்டத்தின் ஒரு நுனியைப் பிடித்துப் பாய்மரம்போல் பயன்படுத்திக் கரை சேரலாம் என்று கற்றிருந்தோம். அப்பாய்மரமும் காற்றின் வழியிலேயே செல்லும். காற்றின் வழியில் கரையே இல்லை. எங்கள் படகு தீவின் மறுபுறம், களப்பில், ஆழமற்ற நீரில் நங்கூரமிடப்பட்டிருந்தது. படகோட்டியை அழைத்து, நங்கூரத்தை எடுத்து, தீவின் முனையைச் சுற்றி வருவதற்குள் இளையவரின் தலை ஒரு புள்ளியாகி, பின்னர் அப்புள்ளியும் மறைந்தது.

அந்நேரம் கரையில் நின்றிருந்த எங்கள் நாவில் வந்த துஆக்களை இங்கே எழுத இயலாது. அவை ஒழுங்கான சொற்களாகவும் இருக்கவில்லை.

அவரை மீட்டவர்கள் நாங்களல்லர். அப்பால் கடலில் வலை இழுத்துக்கொண்டிருந்த ஒரு கண்ணாடியிழைப் படகில் தந்தையும் மகனும் இருந்தனர். நீரில் மிதந்த பட்டத்தின் நிறத்தைக் கண்டு, ஏதோ நேர்ந்துவிட்டதென்று உணர்ந்து, பாதி இழுத்த வலையை விட்டுவிட்டு விரைந்து வந்தனர். உயிர்காப்பு அங்கியைப் பற்றிக்கொண்டு கிடந்தவரைத் தூக்கி ஏற்றினர். எங்கள் படகு அவ்விடத்தைச் சென்றடைந்தபோது அவர் அவர்களுடைய தேநீரைக் குடித்துக்கொண்டிருந்தார்.

கரைக்கு வந்ததும் மணலில் விழுந்து ஸுஜூது ஷுக்ர் செய்தோம். அத்தந்தையின் கையில் கொஞ்சம் பணத்தைத் திணிக்க முயன்றோம். அவர் வாங்க மறுத்து, சிரித்துக்கொண்டே படகைத் தள்ளிச் சென்றார். அல்ஹம்துலில்லாஹ் என்று கூறி நிறைந்த உள்ளத்துடன் வீடு திரும்பினோம். எங்கள் நன்றி நிறைவேறிவிட்டது என்றே எண்ணினோம்.

அடுத்த ஜும்ஆவுக்குப் பின்னர் பள்ளிவாசல் முற்றத்தில் ஒருவர் பேச்சுவாக்கில் சொன்ன செய்தி எங்களை நிலைகுலையச் செய்தது. அத்தந்தையும் மகனும் நான்கு நாட்களாகக் கடலுக்குப் போகவில்லை. அன்று விட்டுச் சென்ற வலை நீரோட்டத்தில் இழுபட்டுக் கற்பாரில் சிக்கிக் கிழிந்துவிட்டது. இருவரும் வாடியில் உட்கார்ந்து அதனைப் பொத்திக்கொண்டிருக்கிறார்கள். எங்களிடம் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை.

நாங்கள் படைத்தவனுக்கு நன்றி செலுத்திவிட்டு, படைப்புகளில் ஒருவருக்குச் செலுத்த வேண்டியதை மறந்திருந்தோம். அன்று அஸருக்குப் பின்னர் எங்களூர் ஆலிம் ஒருவரிடம் சென்று கேட்டோம். அவர் நீண்ட விளக்கம் தரவில்லை. அல்லாஹ்வுக்குரிய உரிமையில் குறை வைத்தால் அவனிடம் மன்னிப்புக் கேட்கலாம். அடியாருக்குரிய உரிமையில் குறை வைத்தால் அந்த அடியார் திருப்தியுறும்வரை அது தோளில் இருக்கும், எழுந்து போய்வாருங்கள் என்றார்.

அன்று மாலையே அவர்களது வாடிக்குச் சென்றோம். சவுக்கு மரங்களுக்குக் கீழே ஓலை வேய்ந்த சிறு கொட்டில். வலை மடிமீது கிடக்க, அந்தப் பெரியவர் ஊசியால் கண்களை முடிந்துகொண்டிருந்தார். நாங்கள் ஸலாம் சொல்லி உட்கார்ந்து, வலையின் பெறுமதியையும் நான்கு நாள் உழைப்பின் பெறுமதியையும் தரவேண்டியவர்கள் நாங்கள் என்றோம்.

"கடல்ல ஒரு ஆள் கிடக்கக்குள்ள வலையப் பாத்துக்கிட்டு இருக்க ஏலுமா தம்பிமாரே?" என்றார் அவர்.

"இது அன்பளிப்பில்ல நானா. உங்கட ஹக். அத வைச்சிக்கிட்டு எங்களால தொழ ஏலாம இருக்கு" என்றார் எங்களுள் மூத்தவர்.

அவர் நெடுநேரம் பேசாமல் முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தார். பின்னர், "சரி. வலைக்கு வலை வாங்குறன். உயிருக்குக் காசு வாங்க மாட்டன்" என்றார். உழைப்பு இழந்த நாட்களைப் பற்றிப் பேசவும் அவர் விடவில்லை. அதனைத் தாம் மனமார விட்டுவிட்டதாக மகனைச் சாட்சியாக வைத்துச் சொன்னார். புதிய வலையை வாங்கிக் கொடுத்தோம். இளையவர் ஒரு வாரம் அவ்வாடிக்குச் சென்று பழைய வலையைப் பொத்துவதற்கு உதவினார். முடிச்சுப் போடவும் கற்றுக்கொண்டார்.

புறப்படும்போது அப்பெரியவர் ஒரு கேள்வி கேட்டார். "அண்டைக்குக் காத்து கரையப் பாத்துச்சா, கடலப் பாத்துச்சா?" எங்களுள் எவரும் பதில் சொல்லவில்லை. எத்தனையோ காணொளிகளைப் பார்த்து, கைப்பேசியில் காற்றின் வேகத்தைக் கணித்துப் பழகிய எங்களிடம் கேட்கப்படாத கேள்வி அது. இப்போது பட்டத்தை விரிப்பதற்கு முன்னர் நாங்கள் கேட்கும் முதற்கேள்வி அதுவே. காற்று கடலைப் பார்த்தால், எதிரே அண்மையில் வேறு கரை இல்லாவிட்டால், அன்று அவ்விடம் எங்களுக்குரியதன்று. நீர் எவ்வளவு அழகாக இருப்பினும் சரியே.

இரண்டாவது கேள்வி, காற்று போகும் பக்கத்தில் என்ன இருக்கிறது என்பது. வடங்கள் 24 மீற்றர் என்றால் அதன் இருமடங்கு வெளியாவது எம் முன்னே வெறுமையாக இருக்க வேண்டும். அங்கே மரமோ, மின்கம்பியோ, படகோ, விளையாடும் பிள்ளைகளோ இருந்தால் வேறிடம் தேட வேண்டும். ஏற்றும் கணத்தில் பட்டம் கைமீறினால் அது காற்றின் வழியிலேயே பாயும்.

மூன்றாவது, காற்று வரும் பக்கத்தில் என்ன இருக்கிறது என்பது. தென்னந்தோப்போ கட்டடமோ காற்றைக் கலைத்துவிடும். தடையின் உயரத்தைப் போல் ஏழு, எட்டு மடங்கு தூரம் வரையேனும் காற்று சுழன்றும் விட்டுவிட்டும் வரும் என்பது விளையாடுவோர் வைத்திருக்கும் கணக்கு. 15 மீற்றர் உயரத் தென்னைகளின் பின்னால் 100 மீற்றர் தூரத்திலும் காற்றை நம்ப இயலாது. காற்றின் விசை அதன் வேகத்தின் வர்க்கத்துக்கேற்ப ஏறுவதால், மணிக்கு 15 கடல் மைலிலிருந்து 21 கடல் மைலுக்கு ஒரு வீச்சு எழுந்தால் பட்டத்தின் இழுப்பு ஏறத்தாழ இரட்டிப்பாகிவிடும். ஆளைத் தூக்கி எறிய அது போதும்.

நான்காவது, நீருக்கடியில் என்ன இருக்கிறது, எங்கே திரும்பி வந்து இறங்குவது, தவறினால் யார் எடுக்க வருவார் என்பது. படகு எம் பக்கத்திலேயே, இயக்க ஆயத்தமாக நிற்க வேண்டும். தீவின் மறுபுறத்தில் நிற்கும் படகு இல்லாத படகுக்குச் சமம். மஃரிபுக்கு ஒரு மணி நேரம் முன்னர் பட்டம் இறக்கப்பட வேண்டும். மாலையில் காற்று தளரும், வெளிச்சமும் போகும்.

ஐந்தாவது கேள்வியை எந்தப் பயிற்சியாளரும் எங்களுக்குக் கற்பிக்கவில்லை. இக்கரை யாருடைய உழைப்பிடம் என்பதே அது. வலை காயப்போடும் மணலில் பட்டம் விரிக்கலாகாது. கரைவலை இழுக்கும் வேளையில் அப்பக்கம் நெருங்கலாகாது. இறுகிய வடம் கத்தியைப் போன்றது. நண்டு வலைக் காரரிடம் இன்று எப்பகுதியில் வலை இல்லை என்று கேட்டுவிட்டு அப்பகுதியில் இறங்கலாம். அன்று நாங்கள் அவ்வாறு கேட்டிருந்தால் களப்புப் பக்கத்திலேயே எங்களுக்கு இடம் கிடைத்திருக்கும். கேட்டவர்களுக்கு அவர்கள் ஒருபோதும் இல்லையென்று சொன்னதில்லை என்பதை இப்போது அறிகிறோம். பாதையில் அமர்வோர் பாதைக்குரிய உரிமையைக் கொடுக்க வேண்டும் என்று நபி (ஸல்) அவர்கள் கற்பித்தார்கள். கரையும் ஒரு பாதையே. அதில் நடந்து பிழைப்பவர்கள் விளையாட வருபவர்களுக்கு முந்தியவர்கள்.

'நடப்பது நடக்கும், தவக்குல் வைத்து இறங்குவோம்' என்று அன்று எங்களுள் ஒருவர் சொன்னதும் உண்மை. ஒட்டகத்தைக் கட்டாமல் விட்டுவிட்டுத் தவக்குல் வைக்கலாமா என்று கேட்டவரிடம், முதலில் அதனைக் கட்டுமாறு நபியவர்கள் பணித்த செய்தியைச் சிறு வயதில் மத்ரஸாவில் அனைவரும் கேட்டிருக்கிறோம். கட்டாமல் விட்டது சோம்பல். அதற்குத் தவக்குல் என்று பெயரிட்டது அதனினும் பெரிய தவறு. காற்றுகள் திசை மாறுவதனைச் சிந்திப்போருக்கு அத்தாட்சியாகக் குர்ஆன் எடுத்துரைக்கிறது. நாங்களோ அத்தாட்சியைத் தோளில் சுமந்தபடியே தொழுதுவிட்டு, சிந்திக்காமல் எழுந்து போனோம்.

எங்கள் மண்ணுக்கும் காற்றுக்கும் இடையிலான கதை நீண்டது. மாலைதீவிலிருந்து சோழமண்டலக் கரையை நோக்கிப் புறப்பட்ட இப்னு பதூதா, 1344ஆம் ஆண்டு இலங்கையில் கரையிறங்கினார். அவர் இறங்கிய இடம் எங்கள் புத்தளமே என்று ஆய்வாளர் பலர் கருதுகின்றனர். பருவத்தைக் குறிக்கும் 'மவ்ஸிம்' என்ற அறபுச் சொல்லே பருவக்காற்றின் பெயராக உலகெங்கும் பரவியது. காற்றின் காலத்தையும் கரையையும் அறிந்து, காத்திருந்து, கடல் கடந்தவர்களின் வழிவந்தவர்கள் நாம். காத்திருத்தலே அவர்களுடைய கலையில் பாதி.

இப்போதும் நாங்கள் வாடைக் காலத்தில் அத்தீவுக்குச் செல்கிறோம். களப்புப் பக்கத்தில், வலையில்லாத இடத்தைக் கேட்டறிந்து இறங்குகிறோம். முதலில் ளுஹரைத் தொழுகிறோம். தொழுகைக்குள் காற்றை ஆராய்வதில்லை. அது தொழுகைக்குரிய உரிமை. ஆனால் ஸலாம் கொடுத்த பின்னர் உடனே எழுவதில்லை. இருந்த இடத்திலேயே சற்றுநேரம் அமர்ந்து, காற்று இடக் கன்னத்தில் படுகிறதா வலத் தோளில் படுகிறதா என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொள்கிறோம். ஒருவர் வேண்டாமென்றால் நால்வரும் இறங்குவதில்லை. பல நாட்கள் பட்டத்தை விரிக்காமலே திரும்பியிருக்கிறோம். அந்நாட்களில் அப்பெரியவரின் வாடியில் தேநீர் உண்டு. பொத்துவதற்கு வலையும் எப்போதும் உண்டு.

கடலிலும் கரையிலும் உழைப்போரின் வாழ்வாதாரத்தில் அல்லாஹ் பரக்கத் செய்வானாக. அவர்களுடைய உரிமையை அறிந்து நடக்கும் உள்ளத்தை எங்களுக்கும் உங்களுக்கும் தந்தருள்வானாக. ஆமீன்.